வாயசைத்தால் போதும்

நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது நடந்த ஆண்டு விழாவின் வீடியோ இன்னமும் இணையத்தில் கிடக்கிறது. பள்ளிக்கூடமே ஏற்றி வைத்தது. அதில் ஒரு நாடகம் வரும். கண்டாங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு ஒரு கிராமத்துப் பெண் தண்ணீர் லாரியை மறித்து நிற்பாள். 'ஏலே, இது எங்க ஆத்தா மண்ணுலே' என்று ஒலிபெருக்கி அதிரும். அதற்குக் கீழே யாரோ 'புல்லரிக்குது' என்று எழுதி, கைகூப்பும் பொம்மை ஒன்றையும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் நான்தான். அந்தக் குரல் என்னுடையது இல்லை. எப்போது அந்த வீடியோ கண்ணில் பட்டாலும் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருக்கும். போன் என்ன பாவம் செய்தது என்று விட்டுவிடுவேன்.

எங்கள் வீடு ஆவடியை ஒட்டிய சேக்காட்டில். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். அவருடைய அப்பா காலம் வரை ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த இடம்தான் இப்போது மனை மனையாக வீடாகி நிற்கிறது. இதற்காக நாங்கள் யாரும் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தது கிடையாது. விற்றதும் நாங்கள்தான், விற்ற காசில் மாடி கட்டியதும் நாங்கள்தான். ஆனால் ஊர் என்றால் எங்களுக்கு அதுதான். பொங்கல் வந்தால் என் வகுப்பில் பாதிப் பேர் அப்பா அம்மாவோடு பஸ் பிடித்து, ரயில் பிடித்து 'சொந்த ஊர்' போவார்கள். திரும்பி வந்து வயல், கிணறு, மாடு என்று படம் காட்டுவார்கள். நாங்கள் பொங்கலுக்கு எங்கேயும் போக மாட்டோம். போவதற்கு வேறு ஊர் இல்லை. அதனால் எனக்குக் கிராமமே கிடையாது என்று வகுப்பில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். நானும் அதை மறுத்துப் பேசியதில்லை.

பள்ளிக்கூடம் பூந்தமல்லி போகிற சாலையில் இருந்தது. திருவேற்காடு, ஐயப்பன்தாங்கல் பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து வருகிற பிள்ளைகள்தான் அதிகம். பல பேருடைய அப்பாக்களுக்கு ஐடி கம்பெனியில் வேலை. வீட்டில் ஒரு பேச்சு, பள்ளியில் ஒரு பேச்சு என்று மாற்றிக்கொள்கிற சாமர்த்தியம் அவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. எனக்கும் ஓரளவு வரும். கோபம் வந்தால் மட்டும் போய்விடும்.

அந்த வருஷம் தமிழ் மிஸ் ஏரியைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். ஏரியை அழித்துத் தண்ணீர் விற்கிற ஒரு முதலாளி, அவனுடைய லாரியை மறிக்கிற ஒரு கிராமத்துப் பெண், கடைசியில் எல்லோரும் உறுதிமொழி எடுப்பது, இவ்வளவுதான் கதை. யார் அந்தப் பெண்ணாக நடிப்பது என்று முடிவு செய்ய, ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு, 'உன் முன்னால் லாரி வருகிறது, நிறுத்து' என்றார். ஒருத்தி இரண்டு கையையும் விரித்து 'நில்லுங்கள்' என்றாள். இன்னொருத்தி தரையில் விழுந்து அழுதாள். என் முறை வந்தபோது நான் என் அம்மாவைப் போலச் செய்தேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் தெரு வழியாகத் தண்ணீர் லாரிகள் ஓட ஆரம்பித்தன. பின்னால் ஒரு காலி மனையில் போர் போட்டு உறிஞ்சி, அடுக்குமாடிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். லாரி போய்ப் போய்த் தெருவில் குழாய் உடைந்தது. எங்களுக்குத் தண்ணீர் நின்றது. எல்லோரும் வாசலில் நின்று புலம்பினார்கள். என் அம்மா நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நேராகப் போய் லாரிக்கு முன்னால் நின்றாள். கத்தவில்லை. சாவகாசமாகத்தான் பேசினாள்.

"இன்னாய்யா, பைப்ப ஒடச்சிட்டு நீ பாட்டுக்குப் போய்க்கினே கீற. ஆம்பளைங்க வேலைக்குப் பூட்டாங்க, கேக்கறதுக்கு ஆளு இல்லன்னு நென்ச்சிக்கினியா? எறங்கு. வண்டி இங்கியே நிக்கட்டும். உன் மொதலாளி எந்த ஊட்ல கீறானோ அங்கேர்ந்து வரச் சொல்லு. வந்து எங்க கொடத்த ரொப்பிட்டு அப்பால எடுத்துக்கினு போவட்டும்."

டிரைவர் ஏதோ முணுமுணுத்தான். அம்மா நகரவில்லை. அன்று மாலைக்குள் ஆள் வந்து குழாயைச் சரி செய்தார்கள். தெருவே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் இதே அம்மா என் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டாள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்து, மிஸ் என்ன சொன்னாலும் 'சரிங்க மேடம்' என்று தலையாட்டிவிட்டு வருவாள். ஒருமுறை கணக்கில் எனக்குத் தப்பாக மார்க் கூட்டியிருந்தார்கள். கேளும்மா என்று கிள்ளினேன். அதற்கும் 'சரிங்க மேடம்'. வெளியே வந்ததும், "எனுக்குப் பேச வராது பாப்பா, அவங்க பேச்சு வேற" என்றாள். லாரியை நிறுத்தத் தெரிந்தவளுக்குக் கூட்டல் தப்பைக் கேட்கத் தெரியவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக் கட்டடத்துக்கு ஏதோ ஒரு சக்தி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆக, என் முறை வந்தபோது அம்மா பேசியதை அப்படியே பேசினேன். வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "இதுதான், இந்தக் கோபம்தான் எனக்கு வேணும்" என்றார். அந்த வேஷம் எனக்குக் கிடைத்தது. எழுதி வைத்திருந்த வசனம் வழவழவென்று இருந்தது. லாரி காட்சிக்கு மட்டும் நீயே பேசிக்கோ என்று மிஸ் விட்டுவிட்டார். ஒத்திகை முழுக்க நான் அம்மாவின் வார்த்தைகளைத்தான் பேசினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டு விழா நாடகம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் யாரும் பேச மாட்டார்கள். வசனம், இடி, மழை, பின்னணி இசை எல்லாவற்றையும் முன்கூட்டியே ஸ்டுடியோவில் பதிவு செய்துவிடுவார்கள். அதற்கு ட்ராக் என்று பெயர். விழா அன்று ட்ராக் ஓடும், பிள்ளைகள் வாயசைப்பார்கள். திறந்தவெளி மைதானம், பெருங்கூட்டம், பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், திக்கிவிடுவார்கள் என்று காரணம் சொல்வார்கள். யாருமே திக்காத, யாருமே மறக்காத நாடகம். பார்க்கிறவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

பதிவுக்கு எங்களை அம்பத்தூரில் ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார்கள். ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடி. சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் என் மூச்சு எனக்கே கேட்டது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லாரி காட்சியைப் பேசினேன். கண்ணை மூடிக்கொண்டு, அம்மா நின்ற மாதிரியே நின்று பேசினேன். முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்டுடியோக்காரர் கட்டை விரலைக் காட்டினார். "செமம்மா, நம்ம ஏரியா பொண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு இருந்த சந்தோஷம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, அதனால்தான் இத்தனை எரிச்சல்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "இந்த வருஷம் நீ கண்டிப்பா வரணும். உனக்கு ஒண்ணு கேக்கறதுக்கு வெச்சிருக்கேன்" என்றேன். என்ன என்று கேட்டாள். சொல்லவில்லை. அவள் வாயைத் திறக்கப் பயப்படுகிற அதே இடத்தில், அத்தனை மேடம்களும் அத்தனை அடுக்குமாடிக்காரர்களும் உட்கார்ந்திருக்க, அவள் பேச்சு ஒலிபெருக்கியில் வர வேண்டும். அதை அவள் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கைதட்டல் கூட இரண்டாம்பட்சம். அம்மா அன்றைக்கே பீரோவிலிருந்து பட்டுப் புடவையை எடுத்து வெயிலில் போட்டாள். தெருவில் எல்லோரிடமும், எம் பொண்ணுதான் ஈரோயினு என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பிறகு மைதானத்தில் முதல் தடவையாக ட்ராக்கைப் போட்டு ஒத்திகை நடந்தது. லாரி என்று எழுதிய அட்டைக்கு முன்னால் போய் நின்றேன். கையை நீட்டி, வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து இன்னொருத்தி பேசினாள்.

"ஏலே, நிறுத்துலே வண்டிய. இது எங்க ஆத்தா மண்ணுலே. இந்த ஏரி எங்க குலசாமிலே."

திறந்த வாயை மூட எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ட்ராக் மாறிப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மேடைக்குக் கீழே வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற தோழி தலையைக் குனிந்துகொண்டு நிற்பதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அது அவள் குரல்.

ஒத்திகையை நிறுத்திவிட்டு மிஸ்ஸிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, தோளில் கை போட்டு, மெதுவாகத்தான் சொன்னார். அந்த மெதுவுக்கே ஓங்கி ஒன்று விடலாம்.

"நீ நல்லாதான் பேசின. ஆனா கரஸ்பாண்டென்ட் சார் ட்ராக்கைக் கேட்டுட்டு இது காமெடி சீனான்னு கேட்டுட்டார். சீரியஸான இடம் பாரு. கிராமத்துப் பொண்ணு, மண்ணோட பொண்ணு. அவ போய் இன்னா கின்னான்னு ரௌடி மாதிரி பேசினா எடுபடுமா?"

"எங்க கிராமத்துல அப்படித்தான் மிஸ் பேசுவாங்க."

"உங்க வீடு ஆவடி இல்ல? ஆவடி எப்படிம்மா கிராமம் ஆகும்?"

நாடகத்தில் வருகிற ஏரி எந்த ஊர் ஏரி என்று கேட்டேன். நம்ம பக்கத்து ஏரிதான் என்றார். நம்ம பக்கத்து ஏரிக்கரையில் நிற்கிறவள் எதற்கு ஏலே என்று பேச வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவர், "அப்பதான் கிராமம்னு ஆடியன்ஸுக்குப் புரியும்" என்றார். கண்டாங்கிச் சேலைக்கும் இதே பதில்தான் சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் கண்டாங்கிச் சேலை கட்டி யாரும் தண்ணீர் பிடித்து நான் பார்த்ததில்லை.

நான் எழுந்து போகப் பார்த்தேன். மிஸ் கையைப் பிடித்து நிறுத்தினார். இதுதான் அடுத்தது. நாடகத்தில் லாரியிலிருந்து இறங்கி வந்து பெண்ணை மிரட்டுகிற அடியாள் ஒருவன் உண்டு. ஐயப்பன்தாங்கலிலிருந்து வருகிற ஒரு பையன் அந்த வேஷம் போட்டான். கழுத்தில் கைக்குட்டை, பனியன், லுங்கி. அவனுக்கு மிஸ் எழுதியிருந்த வசனம் முழுக்க எங்கள் பேச்சு. 'இன்னாமே, ஊட்டுக்குப் போய்க்கினே இரு' என்று அவன் பேச வேண்டும். அவனுக்கு அது நாக்கில் ஏறவில்லை.

"அவனோட வாய்ஸை மட்டும் திரும்ப ரெக்கார்ட் பண்ணணும். நீ கொஞ்சம் சொல்லிக் கொடேன். உனக்குத்தான் அது நல்லா வருமே" என்றார் மிஸ்.

யோசித்துப் பாருங்கள். இந்த மண்ணுக்காரி பேசினால் ரௌடி. எங்கிருந்தோ கூலிக்கு வந்த அடியாள் பேசுவதற்கு எங்கள் பேச்சு. அதையும் நானே அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மிஸ் இதையெல்லாம் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னவர்கள் உண்டு. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் தேவலை. சண்டை போட ஒரு ஆள் கிடைத்திருப்பார். இங்கே யாருக்கும் எந்த எண்ணமும் இல்லை. காற்று வீசுகிற மாதிரி அது பாட்டுக்கு நடந்தது.

"எனக்கு அந்தப் பாஷை தெரியாது மிஸ்" என்றேன். மிஸ் சிரித்துவிட்டார். கோபத்தில் கூட நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

தோழி அன்று சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா அம்மா ஈரோட்டுக்காரர்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் ஏலே என்று பேசுவதே கிடையாது. அவள் வீட்டில் பாதி இங்கிலீஷ்தான்.

"சாரிடி. மிஸ் ஞாயித்துக்கெழமை திடீர்னு கூப்பிட்டாங்க. உனக்குத் தெரியும்னு நெனைச்சேன்."

"அது எந்த ஊர்ப் பேச்சுடி?"

"தெரியல. டிவில வர்ற மாதிரி பேசுன்னாங்க, பேசினேன்."

அவள் மேல் கோபப்படுவதில் நியாயமில்லை. தெரிந்தும் கோபப்பட்டேன். பல நாள் அவளோடு சாப்பிடவில்லை. எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு பேச்சுக்காக என் அம்மாவின் பேச்சைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். இதில் நான் பெருந்தன்மை வேறு காட்ட வேண்டுமா?

நாடகத்திலிருந்து விலகிவிடலாம் என்று தோன்றியது. மிஸ்ஸிடம் சொன்னேன். "பரவாயில்ல, டிரஸ்ஸை மட்டும் திருப்பிக் கொடுத்துடு, வேற பொண்ணு ரெடியா இருக்கா" என்றார். வீட்டுக்குப் போனால் அம்மா பட்டுப் புடவைக்கு மேட்சாக வளையல் தேடிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் உண்மையைச் சொல்ல நாலைந்து தரம் வாயெடுத்தேன். குரலை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்கு என்ன சொல்வது? உன்னை மாதிரிப் பேசினேன், அதனால் மாற்றிவிட்டார்கள் என்றா? பேச வராது, பேச வராது என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கிறவளிடம் போய் அதற்கு ஒரு சாட்சி கொடுப்பதா? சொல்லவில்லை. விலகவும் இல்லை. மேடை ஏறி என்ன செய்வது என்று வேறொரு முடிவு எடுத்தேன்.

விழா நாள் வந்தது. மைதானம் முழுக்க நாற்காலிகள். சிறப்பு விருந்தினர் சால்வை வாங்கினார், பேசினார், மறுபடியும் பேசினார். எங்கள் நாடகம் ஆரம்பித்தது. முதல் காட்சியில் எல்லோரும் சேர்ந்து பாடுகிற பாட்டுக்கு ஒழுங்காக வாயசைத்தேன். லாரி காட்சி வந்தது. அட்டை லாரியை நாலு பையன்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.

ஒலிபெருக்கி 'ஏலே' என்றது. நான் மூடிய வாயோடு கூட்டத்தைப் பார்த்தேன். 'எங்க ஆத்தா மண்ணுலே' என்றது. அசையவில்லை. பக்கத்துத் திரைக்குப் பின்னால் மிஸ் என்னைப் பார்த்து மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். அடியாள் பையன் பயந்துபோய்த் தன் வசனத்துக்கு மட்டும் வேக வேகமாக வாயசைத்தான். நான் அவனையும் பார்க்கவில்லை. வசனம் முடிகிற வரை ஒரு சொல்லுக்குக் கூட உதட்டைப் பிரிக்கவில்லை. கூட்டம் சிரிக்கும், அல்லது கூச்சல் போடும், இது என்ன குரல் வேறு ஆள் வேறாக இருக்கிறதே என்று யாராவது எழுந்து நிற்பார்கள் என்று காத்திருந்தேன்.

கைதட்டினார்கள். அப்படி ஒரு கைதட்டல். விசில் கூட வந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. முன் வரிசையில் இருந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்து, ஏரி மீனாக வேஷம் போட்ட தங்கள் குழந்தைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின் வரிசைக்கு என் முகமே தெரிந்திருக்காது. நாடகம் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் மைக்கை வாங்கி, அந்தக் கிராமத்துப் பெண்ணின் பேச்சில் மண்வாசனை வீசியது என்றார். மேடையில் வரிசையாக நின்று வணக்கம் சொன்னோம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கத்தினால் கேட்காத ஊரில் வாயை மூடிக்கொண்டு போராடலாம் என்று பார்த்தேன். அதுவும் கேட்கவில்லை.

மேடைக்குப் பின்னால் மிஸ் என் கையைப் பிடித்து இழுத்தார். தோளில் கை போடுகிற மிஸ் இல்லை இது.

"என்ன திமிர் இருந்தா வாயை மூடிக்கிட்டு நிப்ப?"

"என் குரல் இல்லாததுக்கு நான் எதுக்கு மிஸ் வாயைத் திறக்கணும்?"

"உன் நல்ல நேரம், யாரும் பாக்கல" என்றார்.

அந்த நேரம் பார்த்து அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, கையில் எனக்காகத் தண்ணீர் பாட்டில். மிஸ் என் கையை விட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வர ஒரு நொடி கூட ஆகவில்லை.

"வாங்கம்மா. உங்க பொண்ணு பிரமாதப்படுத்திட்டா."

அம்மா கைகூப்பினாள். 'சரிங்க மேடம்' என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போவாள் என்று நினைத்தேன். அவள் நின்றாள். புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்துப் பேசினாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாங்களா? அது என் பொண்ணு குரல் மாதிரி இல்லைங்களே. அவ குரலுக்கு என்ன ஆச்சு?"

இத்தனை வருஷத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் அம்மா கேட்ட முதல் கேள்வி அது. மைதானத்தில் இருந்த அத்தனை பேரில் ஒருத்தி கண்டுபிடித்திருக்கிறாள். மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அதுவாம்மா, ரெக்கார்டிங் அன்னைக்கு இவளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. பாவம், குரலே வரல. அதான் வேற பொண்ணைப் பேச வெச்சோம். நீங்க கொஞ்சம் சுடு தண்ணி குடுத்துப் பாத்துக்கோங்க."

சுடு தண்ணி. பொய் சொன்னதோடு நிற்காமல் வைத்தியமும் சொல்லிக் கொடுக்கிறார். அம்மா உடனே என் பக்கம் திரும்பித் தன் புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

"தொண்ட கட்டிக்கினு இருந்துச்சா? எங்கிட்ட சொல்லவே இல்லியே பாப்பா."

நான் வாயைத் திறந்தேன். பொய்ம்மா என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். உன் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள்மா, அது ரௌடிப் பேச்சாம்மா என்று, பட்டுப் புடவையோடும் பூவோடும் நிற்கிறவளிடம், அந்த மிஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொல்ல வேண்டும். இன்றைக்குத்தான் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். இதைச் சொன்னால் இனிமேல் இந்தப் பள்ளிக்கூடத்து வாசலுக்குள்ளேயே நுழைய மாட்டாள். மிஸ் அதைத் தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது. வாயை மூடிக்கொண்டேன். மேடையில் மூடியது என் இஷ்டம். இது மிஸ்ஸின் இஷ்டம். அன்றைக்கு என்னை எல்லாவற்றையும் விட அதிகமாக எரித்தது இதுதான்.

ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா எதிர் சீட்டில் இருந்த ஒரு பெண்ணிடம் நாடகக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"லாரிய மறிச்சிக்கினு அந்தப் பொம்பள பேசிச்சு பாரு, கேக்கவே அவ்ளோ நல்லா இருந்துது. நம்மளாண்டல்லாம் யாரு அப்படிப் பேசப் போறா?"

லாரியை மறித்துப் பேசியவள் அவள்தான் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. ஒரு அடையாளம் கூட மிச்சம் வைக்காமல் துடைத்துவிட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா புடவையைக் கூட மாற்றாமல் அடுப்பைப் பற்ற வைத்தாள். மிளகைத் தட்டி, மஞ்சள் போட்டுப் பால் காய்ச்சினாள். எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை. டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, முழுசாகக் குடிக்கிறேனா என்று பார்க்க எதிரிலேயே நின்றாள். குடித்தேன். மிளகு காரமாகத் தொண்டையில் இறங்கியது. அப்போதுதான் அவள் கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தொண்ட மட்டும் ஒயுங்கா இருந்திருந்தா, நீயும் அந்தப் பொண்ணு கணக்கா அயகா பேசியிருப்ப, இல்ல?"

பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள். "ஆமாம்மா" என்று என் சொந்தக் குரலில் சொன்னேன்.